நெடுங்கோரையில் வீடு வீடாகப் போன பதினொரு புத்தகங்கள்

நெடுங்கோரை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருந்த கட்டடத்தில் நடந்துவந்த கிளை நூலகத்தின் நூலகர் குமுதவல்லிக்கு, நாற்பத்தெட்டு வயதில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. அவள் கணவன் தணிகைவேல் ஒரு புதன்கிழமை மத்தியானம் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவன், எழுந்த வாக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். எங்கே போனான் என்பதுதான் அந்தக் கேள்வி.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள், போனார்கள். குமுதவல்லிக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எந்தக் கேள்வியானாலும் அதற்கென்று ஓர் அலமாரி எண் உண்டு என்று நம்பி இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். அதனால் மாவட்ட நூலக அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள், உலகத்தில் உள்ள மதங்கள் எல்லாவற்றிலும் மனிதர்கள் எதைத் தேடினார்கள், எப்படித் தேடினார்கள் என்று சொல்லும் புத்தகங்கள் இந்த நூலகத்துக்கு வேண்டும் என்று. பதில் வராததால் மறுபடி எழுதினாள், மறுபடியும் எழுதினாள், மூன்று வருஷம் எழுதினாள். மூன்றாம் வருஷக் கடைசியில், எலி கடித்த ஓர் அட்டைப்பெட்டியில் பதினொரு புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

பாலைவனக் குகைகளில் தனியே கிடந்த கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றி ஒன்று இருந்தது. சூஃபிகளைப் பற்றி ஒன்று, சமண முனிவர்களின் நோன்பைப் பற்றி ஒன்று, சுவரைப் பார்த்தபடி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய பௌத்தர்களைப் பற்றித் தலையணை கனத்தில் ஒன்று. யூதர்களின் ஓய்வுநாளைப் பற்றியும் சீன மலைகளில் வாழ்ந்த ஞானிகளைப் பற்றியும்கூட இருந்தன. குமுதவல்லி பதினொன்றையும் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை படித்தாள். நீள நோட்டில் குறிப்பு எடுத்தாள். இன்ன பக்கத்தில் இன்ன செய்தி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்கு அவளுக்கு எல்லாம் மனப்பாடமாயிற்று. எல்லாம் புரிந்தது, எரிச்சலும் அதில்தான். எல்லாம் புரிந்த பிறகும், சாயங்காலம் வீட்டுக்குப் போய் தணிகைவேலின் கட்டிலில் உட்கார்ந்தால், கட்டில் வெறும் கட்டிலாக இருந்தது.

போகட்டும், ஊராவது படிக்கட்டும் என்று பதினொன்றையும் வாசலுக்கு நேர் எதிர் மேஜையில், அரசுத் தேர்வு வழிகாட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தாள். நான்கு வருஷத்தில் ஒருத்தரும் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. தேர்வுக்குப் படிக்க வந்த பெண்கள் மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க பௌத்தர்களைத் தூக்கி வைத்தார்கள். தினசரி பார்க்க வந்த கிழவர்கள் சூஃபிகளின் மேல் டீ கிளாஸை வைத்தார்கள். அட்டையில் விழுந்த வட்டத்தைக் குமுதவல்லி ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், அது போகவேயில்லை.

ஒரு புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை நாள், விடிகிற நேரத்தில் புத்தகங்கள் கிளம்பிப் போயின.

கறிக்கடை கபூர் பாய் கடையைத் திறந்தபோது, சமண முனிவர்களின் நோன்பு பற்றிய புத்தகம் தராசுத் தட்டில் இருந்தது. நெல் மண்டி வைத்திருந்த சமணர் அப்பாண்டை நயினாரின் பூஜை அறையில், விளக்குத் திரிகள் வைக்கும் டப்பாவின் மேல் சூஃபிகள் இருந்தார்கள். மாதாகோயில் பள்ளிக்கூடத்து கிளாரா டீச்சரின் தையல் மிஷினில், தைத்தும் தைக்காமலும் கிடந்த ரவிக்கைக்குள், சீன ஞானிகள் சுருண்டு கிடந்தார்கள். பாய் நெய்கிற பச்சையம்மாவுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அவள் தறியில் பாதி ஓடிய பாயின் நடுவில் யூதர்களின் ஓய்வுநாள் மல்லாந்து கிடந்தது. கதவுகள் எல்லாம் தாழிட்டது தாழிட்டபடி இருந்தன. சனிக்கிழமை குமுதவல்லி வந்து பூட்டைப் பார்த்தாள், பூட்டும் பூட்டியபடிதான் இருந்தது. மேஜையில் பதினொரு நீள்சதுரம் தூசியில்லாமல் பளிச்சென்று தெரிந்தது.

அவள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து வந்து அடுக்கினாள். மறுநாள் விடியலில் அவை வேறு பதினொரு வீடுகளில் இருந்தன. இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். சணல் கயிற்றால் கட்டினாள். ஒரு தரம் தன் புடவையை விரித்து அதன்மேல் அடுக்கி, மூலைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் கையை வைத்தபடி நூலகத்திலேயே படுத்தாள். விழித்தபோது முடிச்சு அவிழாமல் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

இப்படியே தினமும் நடக்க, ஊர் மெல்லச் சில விஷயங்களைப் புரிந்துகொண்டது. ஒரு புத்தகம் தன் மதத்துக்காரர் வீட்டுக்கு மட்டும் போகாது. வந்தால் மறுநாள் விடியும்வரை இருக்கும். தூக்கி வெளியே வைத்தால் உள்ளே வந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் போட்டவர்கள் அதை அரிசிப் பானையில் காய்ந்தபடி கண்டெடுத்தார்கள். முதல் வாரம் கூச்சலாக இருந்தது, கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதாகோயிலிலும் கூடிக்கூடிப் பேசினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெளியே போ என்று சொல்வது முறையில்லை, தனி இடம் கொடுத்து மரியாதையாக வையுங்கள் என்றார். அம்மன் கோயில் பூசாரி தீட்டு உண்டா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டுத் தொட்டால் சரி என்றார். பாதிரியார், அப்புறம் வாருங்கள் என்றார். அவர் வீட்டுக்கு அன்றைக்குத்தான் ஒன்று வந்திருந்தது, அவர் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரத்தில் அது பால் வருகிற மாதிரி, குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சங்கதி ஆகிவிட்டது. டீக்கடையில், "இன்னிக்கு உங்க வீட்டுக்கு இன்னா வந்துச்சி?" என்று கேட்டுக்கொண்டார்கள். புத்தகம் வந்த வீட்டில் அன்றைக்குச் சத்தமாக டிவி வைப்பதில்லை என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. பச்சையம்மா மாதிரிப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்ப் படித்துக் காட்டினார்கள், படித்துக் காட்டியவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். பெண் பார்க்கப் போனவர்கள், இந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்தது என்று ஜாடையாக விசாரித்தார்கள். வராத வீட்டுக்காரர்கள் வந்ததாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார்கள்.

வராத வீடுகள் குறைந்துகொண்டே வந்து, ஐப்பசி முடிவதற்குள் நெடுங்கோரையில் அப்படி ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது. அது குமுதவல்லியுடையது.

முதலில் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள்தான் எல்லாவற்றையும் படித்தவளாயிற்றே. பிறகு விடியலில் தன் அரிசிப் பானையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். தணிகைவேலின் கட்டிலைத் தட்டி விரித்து, அதில் ஓர் ஓரத்தை வெறுமையாக விட்டுவைத்தாள். கதவைத் தாழிடாமல்கூட ஒரு வாரம் இருந்து பார்த்தாள், தெருநாய்தான் வந்தது. மூன்று வருஷம் கெஞ்சிக் கடிதம் எழுதி வரவழைத்தவள் நான், தூசி தட்டியவள் நான், டீக்கறையைத் துடைத்தவள் நான் என்று காலி மேஜையைப் பார்த்து ஒரு நாள் வாய்விட்டே கத்தினாள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

அதைவிட அவளை அலைக்கழித்தது வேறொன்று. கபூர் பாய் அவளை வழியில் நிறுத்தி, கண் கலங்கச் சொன்னார்: "அக்கா, அந்தச் சமணப் புத்தகம் வந்துச்சே, கறிக்கடைக்காரனைத் திட்டத்தான் வந்திருக்குன்னு நெனச்சி பயந்துகிட்டே பிரிச்சேன். கத்தியப் பத்தி ஒரு வரி இல்லக்கா. ஒரு ஆளு தாகத்தோட கிணத்துக்கு வர்றான். கிணத்துல கயிறு இல்ல. திரும்பிப் போறான். போற வழியில எதிர்ல இன்னொருத்தன் தாகத்தோட வர்றான். அவன்கிட்ட, அந்தக் கிணத்துல கயிறு இல்லப்பா, வீணா நடக்காதன்னு சொல்லிட்டுப் போறான். நாக்கு வறண்டு கெடக்கு, அதுலயும் நின்னு சொல்றான் பாருக்கா. அவ்ளோதான் பக்கம். எனக்கு அன்னிக்குக் கடை தொறக்க மனசு வரல."

"அந்தப் புத்தகத்துல கிணறே கிடையாது பாய்," என்றாள் குமுதவல்லி.

"இருக்குதே. நான் படிச்சேனே."

"இருநூத்தி எழுபத்தி ரெண்டு பக்கம். ரெண்டு தடவை படிச்சிருக்கேன். நீங்க வேற எதையோ படிச்சிட்டு வந்து சொல்றீங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதாக்கா?" என்று கேட்ட கபூர் பாயின் முகம் சுருங்கிப் போனது. அவள் விறுவிறுவென்று நடந்து, அன்று அந்தப் புத்தகம் இருந்த வீட்டைத் தேடிப் பிடித்து, அங்கேயே நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். கிணறு இல்லை. தாகத்தோடு வந்த ஆள் இல்லை. பச்சையம்மாவுக்குப் படித்துக் காட்டிய பக்கமும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிளாரா டீச்சர் எழுதிவைத்துக்கொண்டதும் இல்லை. ஊரில் ஒருத்தர் விடாமல் இல்லாத பக்கங்களைப் படித்துவிட்டு அழுதார்கள், சிரித்தார்கள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்கள். இருக்கிற பக்கங்கள் எல்லாம் தெரிந்தவள் வெறும் கையோடு நின்றாள்.

நெடுங்கோரையில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார், தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவிளக்கு எரியாததிலிருந்து தபால்காரர் மணி அடிக்காததுவரை எல்லாவற்றுக்கும் மேலிடத்துக்கு மனு எழுதுகிறவர். மனைவி இல்லை. ஒரே மகன் ஓசூரில் இருந்தான், ஒன்பது வருஷமாகப் போன்கூடக் கிடையாது. அவர் வீட்டுக்குப் பாலைவனத் துறவிகள் வந்த மறுநாள், அவர் நான்கு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். பொதுச் சொத்தான நூல்கள் அனுமதியின்றித் தனியார் வீடுகளில் நுழைந்து மன அமைதியைக் குலைப்பதாகவும், இதற்கு நூலகரே பொறுப்பு என்றும் எழுதி, பத்து நகல் எடுத்துப் பத்து இடத்துக்கு அனுப்பினார்.

கார்த்திகை மாதத்தில் ஜீப்பில் மாவட்ட அலுவலர் வந்தார். காலி மேஜையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

"இரவல் கையெழுத்தே இல்லியேம்மா. புத்தகம் எங்கே?"

"ஊருக்குள்ள இருக்கு சார்."

"யாரு கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல சார். தானாப் போவுது."

"புத்தகம் தானா நடந்து போவுதுன்னு எழுதித் தரீங்களா?"

"எழுதித் தரேன் சார்."

அலுவலர் பதிவேட்டை மூடினார். "அதை என்னால வாங்கிக்க முடியாதும்மா. அதுக்குப் படிவம் இல்ல," என்றார். பதினொன்றையும் சேகரித்து ஒரு சாக்கில் போடச் சொன்னார். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாவட்டக் கிடங்கில் வைக்கப்போவதாக ஒரு தாளை நீட்டினார். குமுதவல்லி நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம், நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. எனக்கு இல்லையா, இனிமேல் யாருக்குமே இல்லை என்ற சந்தோஷம். ஜீப் திரும்பி மறைவதற்குள் அது போய்விட்டது, அது இருந்த இடம் மட்டும் பல் பிடுங்கிய இடம் போல வெகுநேரம் வலித்தது.

மறுநாள் விடியலில் ஊரே அரிசிப் பானைகளைத் திறந்து பார்த்தது. ஒன்றும் வரவில்லை. கிடங்கிலிருந்து வர நேரமாகும், தூரம் இருக்கிறதல்லவா என்றார்கள். இரண்டாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் சிலர் நூலகத்துக்கு வந்து நின்றார்கள், வந்தவர்கள் உட்காரவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்கதானாமே?" என்றாள் கிளாரா டீச்சர்.

"மேலிடத்து உத்தரவு டீச்சர்."

"உத்தரவு சரி. நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னீங்களா?"

குமுதவல்லி பதிவேட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டாள். பச்சையம்மா மட்டும் பின்தங்கி நின்று, "ஓய்வுநாளுன்னு ஒண்ணு இருக்குதுன்னே எனக்கு அதுலதாம்மா தெரிஞ்சிது. மிச்சத்தப் படிச்சிக் காட்டறேன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லிச்சி. இனிமே யாரு காட்டுவாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் குமுதவல்லி தாங்கியிருப்பாள். பச்சையம்மா கோபமில்லாமல்தான் கேட்டாள். அன்று குமுதவல்லி கிடங்குக்குப் போன் செய்தாள். சாக்கு கட்டியபடி இருக்கிறது, பதினொன்றும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, எங்கும் போகவில்லை என்றார்கள். திருப்பித் தரும்படி எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினாள்.

ஒன்பதாம் நாள் விடியலில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனபோது, அரிசிப் பானைக்கும் அம்மிக்கும் நடுவில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார்.

வாசல் கதவும் கொல்லைக் கதவும் தாழிட்டபடியே இருந்தன. அவர் வேட்டியும் பனியனுமாக, வாயோரத்தில் பல்பொடியோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"பல் விளக்கிட்டிருந்தேன்," என்றார். "அப்புறம் பார்த்தா இங்க இருக்கேன்."

"எழுந்து போங்க சார்," என்றாள் குமுதவல்லி. "தனியா இருக்கிற பொம்பளை வீடு. அக்கம்பக்கம் என்ன பேசும்?"

"போறேம்மா. நானும் அதையேதான் நெனச்சேன்." அவர் எழுந்து, தாழை நீக்கி, படியிறங்கித் தெருவில் கால் வைத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அவர் அம்மிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெருவில் அதற்குள் பேச்சுச் சத்தம் எழுந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டதில், கபூர் பாய் அப்பாண்டை நயினார் மண்டியில் நெல் மூட்டைகளுக்கு மேல் கைலியோடு உட்கார்ந்திருப்பதாகவும், கிளாரா டீச்சர் ஹஜ்ரத் வீட்டுக் கூடத்தில் இருப்பதாகவும், அந்த வீட்டுப் பெண்கள் அவளுக்கு ஆப்பம் ஊற்றிக்கொண்டிருப்பதாகவும், பச்சையம்மாவைப் பாதிரியார் வீட்டில் கண்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள். நாளைக்கு விடிந்தால் வேறு வீடு என்று யாரோ சொன்னார்கள். சரி, அப்படியானால் சமையலுக்குச் சொல்லிவிடலாம் என்று வேறு யாரோ சொன்னார்கள்.

குமுதவல்லிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, இத்தனை மாதம் காத்திருந்து, கடைசியில் தனக்கென்று வந்தது இந்த மனுஷனா. "உங்களாலதானே எல்லாம் போச்சு," என்றாள். "பத்து நகல் எடுத்து அனுப்பினீங்களே. இப்ப எந்த முகத்தோட என் அடுப்படியில உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் வரலைம்மா. வந்துட்டேன்." அவர் பனியனின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பாலைவனப் புத்தகத்தை நான் ஒரே பக்கம்தான் படிச்சேன். ஒரு துறவி. குகையில தனியா இருக்கார். தினமும் காலையில எழுந்து குகை வாசல்ல இருக்கிற மணலைப் பெருக்கறார். சுத்துவட்டாரத்துல ஆளே கிடையாது. அந்த வழியா ஒருத்தன் வந்து, யாருமே வராத இடத்தை எதுக்கு சாமி பெருக்கறீங்கன்னு கேக்கறான். நான் தூங்கும்போது யாராவது வந்துட்டுப் போயிருந்தா கால்தடம் தெரியணும்ல, அதுக்குத்தான்னு சொல்றார்."



"அது அந்தப் புத்தகத்துல இல்ல," என்றாள் குமுதவல்லி. பழக்கத்தில் வந்த சொல். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"இருந்துச்சும்மா. அதைப் படிச்சதும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்துச்சி. ஒன்பது வருஷமா என் வாசல்ல எத்தனை கால்தடம் வந்துதோ, நான் என்னிக்குக் குனிஞ்சி பார்த்தேன்? என்னைக் கேள்வி கேக்க இது யாருன்னு புத்தகத்தை மூடிட்டேன். மூடிட்டு மனு எழுதினேன்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஜீப்பு வந்துச்சி."

"அது இல்ல சார். அந்தத் துறவி. யாராவது வந்தாங்களா? கால்தடம் இருந்துச்சா?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். "தெரியலியேம்மா. நான் அடுத்த பக்கம் புரட்டலியே."

குமுதவல்லி நின்றாள். இருநூற்றுப் பத்துப் பக்கப் புத்தகம், இரண்டு முறை படித்தது, குறிப்பெடுத்தது, அதில் நடந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை. தணிகைவேல் போன நாளிலிருந்து, ஒரு விஷயம் தெரியாமலிருப்பது அவளை இத்தனை கிட்டத்தில் வந்து தொட்டதில்லை. அவளுக்கு இன்னும் கோபமாகத்தான் இருந்தது, இந்த மனுஷன் மேல், அந்த அலுவலர் மேல், கையெழுத்துப் போட்ட தன் கையின் மேல். கோபத்தோடேயே ஒரு மணையை எடுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மணல் என்ன நிறம்னு எழுதியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசிக்க ஆரம்பித்தார்.